மைனஸ் எழுபது

1. காலி மேடை

காலி மேடை எடை காட்டினால் மெக்கானிக் பயப்படக் கூடாது. எங்கள் தொழிலில் முதல் பாடம் இது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதை நான் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பது வழக்கம். சொல்லிக் கொடுத்த அதே வாயால் ஒரு நாள் காலை, கல்வராயன் மலையடிவாரத்தில், "ஏசப்பா, முருகா, யாருனா ஒருத்தர் சீக்கிரம் வாங்க" என்று இரண்டு ஆபீசுக்கும் ஒரே நேரத்தில் மனுப் போட்டுக்கொண்டு ஓடியும் இருக்கிறேன்.

இந்தக் குறிப்பு அந்த ஓட்டத்தைப் பற்றியது. கள்ளக்குறிச்சியை விட்டுக் கோயம்புத்தூருக்குக் குடிபோவதா வேண்டாமா என்று நான் முடிவெடுத்த லட்சணத்தைப் பற்றியதும்கூட. இரண்டும் ஒரே வாரத்தில் நடந்தன. ஒன்றை விட்டு இன்னொன்றைச் சொல்ல வராது.

என் வேலை லாரி எடை மேடை சர்வீஸ். வே பிரிட்ஜ் என்றால் எல்லோருக்கும் தெரியும். லாரி ஏறி நிற்க ஒரு நீள இரும்பு மேடை. அதற்கு அடியில், ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு குழி. அதை நாங்கள் பிட் என்போம். பிட்டுக்குள் மேடையைத் தாங்கிக்கொண்டு லோடு செல்கள் நிற்கும். எடையை உணர்கிறவை அவைதான். அங்கிருந்து ஒயர் கேபினுக்குப் போகும். கேபினில் ஆபரேட்டர் முன்னால் இண்டிகேட்டர். வெளியே, டிரைவர் பார்க்க, சிவப்பு எழுத்தில் பெரிய போர்டு. இவ்வளவுதான் மெஷின். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வண்டி மாடுகள் மேடையில் நின்று கால் மாற்றும்போது எண் குதிக்குமே, அதை நிற்க வைப்பதிலிருந்து நைனார்பாளையம் ரைஸ் மில்லில் எலி கடித்த ஒயரை ஒட்டுவது வரை இந்தப் பக்கம் நான்தான் பார்த்தேன்.

காலி மேடை பிளஸ்ஸில் எடை காட்டினால் மேலே சேறு இருக்கிறது, அல்லது இடுக்கில் கல் மாட்டியிருக்கிறது. கழுவினால் போய்விடும். மைனஸ் காட்டினால் வேறு கதை. இதுதான் காலி மேடை என்று மெஷின் ஜீரோ எடுத்த நேரத்தில் மேலே இருந்த ஏதோ ஒன்று இப்போது அங்கே இல்லை என்று அர்த்தம். மைனஸ் என்பது இல்லாததின் எடை.

இந்த வாக்கியத்தை நானே கண்டுபிடித்து, பெருமையாகப் பல பேரிடம் சொல்லியிருந்தேன். அது என்னையே ஒரு நாள் துரத்தும் என்று தெரிந்திருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

2. 'ங்க' போட்ட போன்

அது தை மாதம். திங்கட்கிழமை கோயம்புத்தூர் ஹெட் ஆபீசிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? கள்ளக்குறிச்சி சர்வீஸ் பாயிண்ட்ட எடுத்துடறாங்க. நீங்க இங்க வந்துருங்க. வொர்க்ஷாப்ல காலிப்ரேஷன் செக்ஷன். ஃபேனுக்கு அடியில உக்காந்து பாக்கற வேலைங்க. சனிக்கிழமைக்குள்ள ஒரு வார்த்தை சொல்லீருங்க."

"வரலைன்னா சார்?"

"வரலைன்னா வேலை இல்லீங்க."

கோயம்புத்தூர்க்காரர்கள் ஆளை வேலையை விட்டுத் தூக்கினாலும் 'ங்க' போட்டு மெத்தென்றுதான் தூக்குவார்கள்.

எனக்கு அப்போது ஐம்பது வயது. வேறு தொழில் தெரியாது. பையில் எப்போதும் எடைச் சீட்டுக் கட்டு இருக்கும். ஒரு சீட்டைத் திருப்பி, நடுவில் கோடு கிழித்தேன். இடது பக்கம் பிளஸ், வலது பக்கம் மைனஸ்.

பிளஸ்: பிட்டுக்குள் தவழ வேண்டாம். முதுகு தப்பிக்கும். மகள் கயல் பத்தாவது முடிக்கிறாள். அங்கே பள்ளிக்கூடமும் காலேஜும் பக்கம். தண்ணீர் இனிப்பாக இருக்கும் என்கிறார்கள். இங்கே பிளஸ் நின்றுவிட்டது. மைனஸ் எழுத ஆரம்பித்ததும் பேனா பறந்தது. 'இன்னா' என்று பேசினால் சிரிப்பார்கள். அங்கே என்னை எவனுக்குத் தெரியும்? டீக்கடையில் சர்க்கரை கம்மி என்று தினமும் சொல்ல வேண்டியிருக்கும். மனைவி செல்வி ஒத்துக்கொள்ள மாட்டாள். நான் போய்விட்டால் இந்தப் பக்கம் எல்லா மேடையும் நின்றுவிடும்.

கடைசி வரியை எழுதிவிட்டு இரண்டு முறை படித்தேன். என் பிரிவைத் தாங்க முடியாமல் கள்ளக்குறிச்சி ஜில்லா முழுக்க லாரிகள் எடை தெரியாமல் அலைவதை மனக்கண்ணில் பார்த்தேன்.

வியாழக்கிழமை வரை இந்தச் சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். வீட்டில் யாருக்கும் மூச்சு விடவில்லை.

3. ஏழுமலை இல்லாத மேடை

வியாழக்கிழமை காலை எஸ்தர் போன் செய்தாள். கச்சிராயபாளையம் தாண்டி, கரியாலூர் ரோடு மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு மரவள்ளிக் கிழங்கு யார்டு இருக்கிறது. மலைக் கிழங்கெல்லாம் அங்கே எடை போட்டுத்தான் கீழே போகும். அந்த எடை மேடைக்கு எஸ்தர் புது ஆபரேட்டர். வந்து மூன்று வாரம்.

"அண்ணா, சீக்கிரம் வாங்கண்ணா. வண்டி இல்ல, ஆளு இல்ல, மைனஸ் எழுபது காட்டிகினு இருக்குது."

"சேறு காஞ்சு உழுந்திருக்கும்மா."

"எழுபது கிலோ சேறாண்ணா? அது ஆளு எடைண்ணா."

சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் தாண்டியதும் பனி. அடிவாரத்துப் பனி ஊர்ப் பனி மாதிரி இருக்காது. மலையிலிருந்து இறங்கி, ரோட்டில் படுத்துக்கொள்ளும். யார்டு கேட்டுக்குள் போனபோது கேபின் தெரியவில்லை, மேடை தெரியவில்லை. ஆள் உயரத்துக்கு மேலே, எதன் மீதும் மாட்டாமல் தொங்குகிற மாதிரி, சிவப்பாக ஒரு எண் மட்டும் தெரிந்தது.

-70

மேடையைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத் துடைத்து வைத்திருந்தது. சேறு இல்லை, கல் இல்லை.

"ஏழுமலை அண்ணன் போன மறுநாள்லேர்ந்து இப்டிதான்" என்றாள் எஸ்தர், கேபின் வாசலில் நின்று.

ஏழுமலை அவளுக்கு முன்னால் இருந்த ஆபரேட்டர். எனக்கும் நல்ல பழக்கம். பத்து வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன், திடீரென்று திருப்பூர் பனியன் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போய்விட்டான். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. தினம் காலையில் முதல் ஆளாக மேடையில் ஏறித் தன்னையே எடை போட்டுக்கொள்வான். பார்த்துவிட்டு வந்து, கேபின் சுவரில் சாக்பீசால் எழுதுவான். சுவரில் அது அப்படியே இருந்தது. 70, 70, 70, 70. வரிசை வரிசையாக, மேலிருந்து கீழே. கடைசி எழுபதுக்குக் கீழே சுவர் வெள்ளையாக இருந்தது.

"பாத்திங்களாண்ணா? அவரு எடதான் இங்க கொறையுது."

சிரிக்கலாம் என்று பார்த்தேன். பாதியில் நின்றுவிட்டது.

சிக்கல் பேயோடு முடியவில்லை. காலையில் கிழங்கோடு டிராக்டர் எடை போடும். இறக்க மத்தியானம் ஆகிவிடும். பிறகு காலி டிராக்டரை எடை போடுவார்கள். முதல் எடையில் இரண்டாவதைக் கழித்தால் கிழங்கின் எடை. மத்தியானம் மெஷின் தானாகச் சரியாகிவிடுகிறது. அதனால் காலையில் வந்த ஒவ்வொரு டிராக்டருக்கும் எழுபது கிலோ கிழங்கு காணாமல் போனது. மலையிலிருந்து வந்த விவசாயி ஒருவர் முந்தின நாள் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்: "போன ஏழுமல எங்க கெழங்க திருப்பூருல உக்காந்துகினு தின்றானா?" யார்டு ஓனர் எஸ்தரிடம், "சனிக்கெழமக்குள்ள சரியாவலைன்னா நான் வேற ஆளு பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். அவளுக்கும் சனிக்கிழமை கெடு, எனக்கும் சனிக்கிழமை கெடு.

இண்டிகேட்டரில் ஜீரோ பட்டனை அமுக்கினேன். மைனஸ் எழுபது போய், ஜீரோ வந்தது. நான் மேடையில் ஏறினேன். எண்பது. என் எடை. இறங்கினேன். ஜீரோ.

"இவ்ளோதானம்மா. இத நீயே அமுக்கியிருக்கலாம்ல?"

"அந்தப் பட்டன தொடவே கூடாதுன்னு ஏழுமலை அண்ணன் சொல்லிட்டுப் போனாருண்ணா."

"காலைல சுவிட்ச் போடும்போது மேடைல எதுனா இருந்துச்சா?"

"எதுவுமே இல்லண்ணா. வண்டிக்கு இன்னும் கேட்டே தொறக்கல."

இந்தக் கேள்வியையும் பதிலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தொழிலுக்கு வருகிறவர்கள் இரண்டு முறை படியுங்கள்.

"இன்னிக்குப் போயிடுச்சு. நாளைக்குக் காலைல திரும்ப வருமாண்ணா?" என்று எஸ்தர் கேட்டாள். 'வருமா' என்றுதான் கேட்டாள். எனக்கு 'வருவாரா' என்று கேட்டது.

கிளம்பும் முன் ஏழுமலையிடமே கேட்டுவிடலாம் என்று அவன் நம்பரைப் போட்டேன். தாங்கள் அழைத்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மிக அன்பாகச் சொன்னது. மறுபடியும் போட்டேன். அதே அன்பு.

வீடு வரும் வரை ஒரே யோசனை. பத்து வருடம் இருந்த இடத்தை விட்டுப் போனான். போன இடத்தில் அவன் குரல் இல்லை. இருந்த இடத்தில் அவன் எடை மைனஸ்ஸில் நிற்கிறது. ஊரை விட்டுப் போகிறவன் கதி இதுதானா? நாளை நான் கோயம்புத்தூர் போனால், எங்கள் தெருவில் காலை நேரத்தில் மைனஸ் எண்பது தொங்குமா?

சாப்பிட உட்காரும் முன் சீட்டை எடுத்து, மைனஸ் பக்கம் அடியில் 'ஏழுமலை' என்று ஒரே ஒரு வார்த்தை எழுதினேன். போகக் கூடாது என்று முடிவாகிவிட்டது. மேனேஜரிடம் எப்படிச் சொல்வது என்று கண்ணாடி முன்னால் ஒத்திகைகூடப் பார்த்தேன்.

4. பிட்டுக்குள்

வெள்ளிக்கிழமை சுவிட்ச் போடுவதற்கு முன்பே மேடையைப் பார்த்துவிட வேண்டும் என்று, ஆறரைக்கெல்லாம் யார்டுக்குப் போனேன். கேட் பூட்டியிருந்தது. பக்கத்துக் கம்பி வேலி இடுக்கில் நுழைந்தேன். முந்தைய நாளைவிடப் பனி ஜாஸ்தி. கையை நீட்டினால் விரல் தெரியும், விரலுக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியாது.

மூடியைத் தூக்கி பிட்டில் இறங்கினேன். லோடு செல் ஒயரெல்லாம் வந்து சேருகிற ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் கோத்திருந்தால் ஏதாவது காரணம் கிடைக்கும். பெட்டியைத் திறந்தேன். நான்கு ஒயரும் உலர்ந்து, பளிச்சென்று இருந்தன. ஈரம் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். தொழிலில் கோளாறு கிடைக்காத நேரம் மாதிரி பயமான நேரம் கிடையாது.

அப்போது மேலே காலடிச் சத்தம் கேட்டது.

தொம். தொம். தொம்.

மேடையின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. அவசரமே இல்லாத நடை. இரும்புத் தகட்டுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குக் காலடி காதில் கேட்காது, பல்லில் கேட்கும். நேராக என் தலைக்கு மேலே வந்து நின்றது.

"யாருப்பா?" என்றேன்.

 நின்ற இடத்திலேயே நின்றது. மேடைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் இடுக்கு இருக்கும். அது வழியாக ஆரஞ்சு வெளிச்சம் ஒன்று விழுந்து, ஜங்ஷன் பாக்ஸ் மேல் ஆடியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே 'பீப்' என்று இண்டிகேட்டர் உயிர் வந்த சத்தம். அப்புறம் அந்தக் கால் நகர்ந்தது. தொம், தொம், தொம். கோடி வரை போனது. மேடையை விட்டு இறங்கிய சத்தம் மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்து, பிட் முழுக்க மணி அடித்தது. கேட்டதும் நானே அலறினேன். மேலே வரும்போது மண்டையைச் சட்டத்தில் இடித்துக்கொண்டேன். தலையை வெளியே நீட்டினால் மேடை காலி. நடுவில், இரும்பின் மேல், எவனும் பக்கத்தில் இல்லாமல், சூடம் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே பனியில் சிவப்பாக

-70

அப்போதுதான் மேலே சொன்ன மனுக்களைப் போட்டேன். கேபின் எந்தப் பக்கம் என்று தெரியாமல், முதலில் கிழங்குக் குவியல் மேல் ஓடி ஏறினேன். இறங்கி ஓடும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. ஏழுமலைதான் என்று எண்ணிக்கொண்டு எடுத்தேன்.

"ஏனுங்க, காலைலயே கூப்பிட்டுட்டனுங்களா? நாளைக்கு லீவுல போறேன், அதான் இன்னிக்கே கேட்டுக்கலாம்னு. வர்றீங்களா, இல்லீங்களா?"

"வரேன் சார்! வந்துடறேன் சார்! இப்பவே வந்துடறேன்!"

"இப்பவே வேண்டாமுங்க. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதி வந்தாப் போதுமுங்க" என்றார் அவர், கொஞ்சம் மிரண்டு போய்.

ஆக, முந்தைய நாள் ஒரு பேய்க்குப் பயந்து ஊரை விட்டுப் போவதில்லை என்று முடிவெடுத்தேன். மறுநாள் அதே பேய்க்குப் பயந்து போவது என்று முடிவெடுத்தேன். ஒரு பேய் இவ்வளவு வேலை பார்த்ததை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

5. எதுனா, யாருனா

கேபினில் எஸ்தர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் தலைமுடியில் ஒட்டடை, நெற்றியில் ரத்தம், சட்டையில் கிழங்கு மண். அவள் பயப்படுவது நியாயம்தான்.

"மேடைல… மேடைல சூடம்…"

"அது மாணிக்கம் அண்ணன் ஏத்தறதுண்ணா. தெனமும் ஏத்துவாரு."

வாசலில் நிழலாடியது. யார்டு வாட்ச்மேன் மாணிக்கம் உள்ளே வந்தார். காதை மூடி மப்ளர், அதற்கு மேல் ஒரு மங்கி கேப். அதற்குள் நான் கூப்பிட்டது எங்கே கேட்டிருக்கப் போகிறது! காலில் முட்டி வரை கம்பூட்ஸ்.

"இன்னா சார், அடிபட்டுகினு வந்திருக்கிறீங்க?"

"நீங்க மேடைல நின்னீங்களா?"

"ஆமா. நின்னுதான சூடம் காட்டணும்? படுத்துகினா காட்டுவாங்க?"

"எப்பத்திலேர்ந்து காட்றீங்க?"

"இந்தப் பாப்பா வேலைக்கு வந்த மொத நாளு. புதுசா ஒரு ஆளு உக்காருதேன்னு ஒரு சூடம் காட்டினேன். அன்னிக்கிப் பாத்து மைனஸ் வந்துச்சு. சரி, ஏழுமல மனசு இங்கியே சுத்துது போலன்னு தெனமும் காட்றேன். காட்டக் காட்டத் தெனமும் வருது சார்."

"எஸ்தர், நீ சுவிட்ச் போடும்போது இவரு மேடைல நிக்கறத பாத்ததில்லையா?"

"நான் கண்ண மூடி ஜெபம் பண்ணிகினுதாண்ணா சுவிட்ச் போடுவேன். மைனஸ் வரக் கூடாதுன்னு."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். இவர் மேடையில் நின்று கும்பிடுகிறார். அந்த நேரம் பார்த்து அவள் கேபினில் கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டு, சுவிட்ச் போடுகிறாள். சுவிட்ச் போட்டதும் மேடையில் என்ன இருக்கிறதோ அதையே ஜீரோ என்று எடுத்துக்கொள்ளும்படி மெஷினில் ஒரு செட்டிங் உண்டு. சேறு பட்டதற்கெல்லாம் என்னைக் கூப்பிடக் கூடாது என்று, ஆறு மாதம் முன்னால் அந்த செட்டிங்கை ஆன் செய்துவிட்டுப் போன புண்ணியவான் நான்தான். மாணிக்கம் இறங்கிப் போனதும் அவர் எடை மைனஸ்ஸில் நிற்கிறது. அந்த மைனஸைப் பார்த்துப் பயந்து, மறுநாள் இன்னும் பெரிய சூடம், இன்னும் நீள ஜெபம். மத்தியானம் எஸ்தர் சாப்பிடப் போகும்போது அணைத்துவிட்டு, வந்து போடுவாள். அப்போது மேடை காலி. ஜீரோ ஒழுங்காக வரும்.

"மாணிக்கண்ணே, உங்க எட இன்னா?"

"எனுக்கு எப்டித் தெரியும்? ரேஷன் கடைலயா என்னை எட போடறாங்க?"

ஜீரோ செய்து, அவரை மேடையில் ஏற்றினேன். எழுபது.

எஸ்தர் முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முக்காட்டில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஒரு வார்த்த நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பன்லண்ணா" என்றாள்.

கேட்டேனே! 'எதுனா இருந்துச்சா' என்று கேட்டேன். அவளும் ஒழுங்காக, 'எதுவும் இல்லை' என்றாள். மாணிக்கம் எது இல்லை. மாணிக்கம் யார். 'யாருனா இருந்தாங்களா' என்று கேட்டிருந்தால் வியாழக்கிழமையே முடிந்திருக்கும். மண்டையும் தப்பியிருக்கும்.

செட்டிங்கை ஆஃப் செய்தேன். சூடம் இனிமேல் கேட்டில் காட்டுங்கள் என்று மாணிக்கத்திடம் சொன்னேன்.  "அப்ப ஏழுமல இங்க இல்லவே இல்லையா சார்?" என்றார். சற்று ஏமாந்த மாதிரிதான் கேட்டார்.

6. டேர்

சாயங்காலம் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் செல்வியிடம் கொட்டினேன். மேனேஜரின் முதல் போனிலிருந்து கிழங்குக் குவியல் வரை. செல்வி வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். கேட்டுக்கொண்டே நெற்றிக்கு மருந்து போட்டவள், சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டை உருவினாள். கயல் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது? என் பேரு மைனஸ்ல இருக்குது?"

"நீ ஒத்துக்க மாட்டன்னு…"

"யாரு சொன்னது?"

"நானே நெனச்சு…"

"நாலு நாளா என்னை ஒரு வார்த்த கேக்கல. இந்தத் தெருவுல எவளுக்கு எத்தன இஞ்ச் ஏறிச்சு, எறங்கிச்சுன்னு பதினெட்டு வருசமா தைச்சிகினு இருக்கறேன். புது ஊரு போயி புது அளவு எடுக்கணும்னு எனக்கு ஆச இருக்காதா?"

அவளுக்கு அப்படி ஒரு ஆசை இருப்பது எனக்குத் தெரியவே தெரியாது. கயல் சீட்டை வாங்கிப் படித்தாள். "நீங்க போனா எல்லா மேடையும் நின்னுடுமாப்பா?" என்று கேட்டுவிட்டு, நாகரிகமாக அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"தெரியாமதான் கேக்கறேன்" என்றாள் செல்வி, "காலைல அந்த மாணிக்கம் இன்னா பண்ணாரு? மேல நின்னுகினே ஜீரோ எடுத்தாரு. நீங்க இதுல இன்னா பண்ணிகினு இருக்கறீங்க? எழுந்து வெளிய போங்க. நானும் கயலும் எட போட்டுக்கறோம்."

"நான் இல்லாமயா?"

"நீங்க டேரு. எங்க போனாலும் கூடவே வரப் போறீங்க. உங்களக் கழிச்சிட்டுதான் நெட்டு பாக்கணும்."

டேர் என்பது காலி வண்டியின் எடை; அதைக் கழித்தால் வருகிற சரக்கு எடை நெட். பதினெட்டு வருடம் என் புலம்பலைக் கேட்டதில் அவள் தொழிலையே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

வெளியே போய், எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். விளக்கு வைக்கிற நேரம். ஜன்னல் திறந்திருந்தது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து பேசினார்கள். குரல் எட்டவில்லை. கயல் எதையோ எழுதினாள், அடித்தாள். செல்வி எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஒரு முறை இருவரும் சிரித்தார்கள். நான் நிற்கும் பக்கம் யாரும் திரும்பவில்லை. நான் இல்லாத என் வீட்டை வாழ்க்கையில் முதல் முறையாகப் பார்த்தேன். அது பாட்டுக்கு, எந்தக் கோளாறும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. காலையில் பிட்டுக்குள் வந்த நடுக்கத்தைவிட இது ஒரு படி ஜாஸ்தி.

கொஞ்ச நேரத்தில் கயல் வாசலுக்கு வந்து கூப்பிட்டாள். "அப்பா, உள்ள வாங்க. போலாம்னு முடிவு. பிரெண்ட்ஸ விட்டுட்டுப் போறதுக்கு நான் பெரிய மைனஸ் போட்டிருக்கறேன். அப்பறமும் போலாம்னுதான் வருது."

அவர்கள் எழுதிய சீட்டைப் பார்த்தேன். நான் எழுதியதில் பெரும்பாலும் 'எது'. முதுகு, தண்ணீர், டீ, சர்க்கரை. அவர்கள் சீட்டில் முழுக்க 'யார்'. யாரை விட்டுப் போகிறோம், யார் வந்து பார்ப்பார்கள், யாரிடம் போய் நிற்கலாம். மேனேஜரிடம் பயத்தில் சொன்ன 'வரேன்' அப்படியே நின்றது. பயம் மட்டும் கழிந்திருந்தது.

தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். எதை எடை போட்டாலும் முதலில் மேடையை விட்டு இறங்குங்கள். இறங்கி ஒரு எட்டு தள்ளி நில்லுங்கள். பிறகு ஜீரோ. மேலே யாராவது நிற்கிறார்களா என்று கேளுங்கள். 'எதுனா' என்று கேட்காதீர்கள்.

7. ஜீரோ

கோயம்புத்தூர் வந்து ஒரு வருடம் கழித்து, ஒரு கல்யாணத்துக்காகக் கள்ளக்குறிச்சி போனேன். மறுநாள் காலை, கால் தானாக அந்த யார்டுக்குப் போனது. அதே தை மாதம், அதே பனி. கேட்டில் சூட வாசனை. எஸ்தர் அதே நாற்காலியில் இருந்தாள்.

"சர்வீசுக்கு இப்ப யாரும்மா வர்றாங்க?"

"ஒரு தம்பி வருதுண்ணா. நல்லா பாக்குது. கூப்பிட்ட அன்னிக்கே வந்துடுது."

அந்த இரண்டாவது வாக்கியம் தேவையே இல்லை.

சுவரைப் பார்த்தேன். ஏழுமலையின் எழுபதுகள் அப்படியே இருந்தன. கடைசி எழுபதுக்குக் கீழே புதுச் சாக்பீசில் ஒரு எண். 60.

"பொங்கலுக்கு ஏழுமலை அண்ணன் வந்தாரு. நம்பரு மாத்திட்டாராம். ஏறி நின்னாரு. அறுபதுதான் வந்துச்சு. எறங்கி, திரும்ப ஏறினாரு. மூணு தடவ. செவுத்துல எழுதிட்டுப் போயிட்டாரு." எஸ்தர் குரலைத் தாழ்த்தினாள். "மெஷின் சரியாத்தான் இருக்குதான்னு நீங்க ஒரு தடவ பாருங்கண்ணா."

பார்த்தேன். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

"நீங்களும் ஏறுங்க" என்றாள்.

ஏறினேன். பத்தடிக்கு அந்தப் பக்கம் கேபின் தெரியவில்லை. மேலே சிவப்பு எண் ஓடி நின்றது. தொண்ணூறு.

"ஊரு ஒத்துக்கிச்சுண்ணா உங்களுக்கு!" என்று பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. ஏழுமலையிடம் போன பத்தும் என் மேல் ஏறிய பத்தும் ஒரே பத்துதானா என்று ஒரு கணம் தோன்றியது. 

"எஸ்தரு, நான் எறங்கற வரைக்கும் சுவிட்ச் மேல கைய வெக்காத!"

"தெரியும்ணா. எறங்குங்க."

இறங்கினேன். ஒரு எட்டு தள்ளிப் போய், திரும்பி நின்று, போர்டைப் பார்த்தேன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. நின்றது.

0

மிகச் சரியான ஜீரோ. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்து நான் பார்த்த சுத்தமான ஜீரோக்களில் ஒன்று. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு பனியில் நின்றேன். ஒரு பத்துக் கிலோவாவது மைனஸ் காட்டியிருக்கலாம்.